கம்பியை முதலில் கழற்றிய நகரம்: வெலிங்டன் டிராலிபஸ், 2007 முதல் 2018 வரை

நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் 2017 அக்டோபர் 31 அன்று கடைசி டிராலிபஸ், அதாவது சாலைக்கு மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பேருந்து, ஓடியது. அன்று சேவையில் இருந்த வண்டிகளுக்குச் சுமார் பத்து வயது. டிராலிபஸ்ஸை ஒழுங்காகப் பராமரித்தால் இருபது ஆண்டு ஓட்டலாம். பாதி ஆயுளில் வண்டிகள் ஏன் நின்றன, மேலே இருந்த கம்பி ஏன் ஓராண்டுக்குள் மறைந்தது, மாற்றாகச் சொன்னது ஏன் நேரத்துக்கு வரவில்லை என்பதை இந்த ஆய்வு காலவரிசையில் பதிவு செய்கிறது. முடிவெடுத்தவர்களின் பெயர்கள் இதற்குத் தேவையில்லை. அவர்கள் வகித்த பொறுப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

பின்னணி

வெலிங்டன் மலையும் கடலும் நெருக்கும் ஊர். ரயில் நிலையத்திலிருந்து கோர்ட்னி பிளேஸ் வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சமதளக் கடைவீதி. அதைத் தாண்டியதும் கரோரி, புரூக்லின், ஹடைடை என்று எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், குறுகிய சாலை, கூரிய வளைவு. ஹடைடைக்குப் போகும் பேருந்துகள் 1907இல் டிராமுக்காகக் குடைந்த ஒற்றை வழிச் சுரங்கத்தில் இன்றும் புகுந்து போகின்றன. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை தரும் மின்மோட்டாருக்கு இப்படிப்பட்ட ஊர் பொருத்தமானது.

1924 முதல் 1932 வரை ஒரே ஒரு தடத்தில் டிராலிபஸ் ஓடியிருந்தது. முழு அமைப்பு 1949இல் தொடங்கியது. டிராம் தடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் டிராம் அடியோடு நின்றது. கிறைஸ்ட்சர்ச், நியூ பிளைமவுத், ஆக்லாந்து, டனீடன் ஆகிய ஊர்கள் 1982க்குள் தங்கள் டிராலிபஸ்களைக் கைவிட்டன. வெலிங்டன் மட்டும் 1980களின் தொடக்கத்தில் 68 புதிய வண்டிகள் வாங்கி அமைப்பைத் தக்கவைத்தது.

2007க்கும் 2009க்கும் இடையே அவற்றுக்குப் பதிலாக 60 வண்டிகள் வந்தன. மூன்று அச்சு, தாழ்தளம், புதிய மின்னணுக் கட்டுப்பாடு. செலவைக் குறைக்க, பழைய வண்டிகளின் அச்சு, மோட்டார் போன்ற சில பாகங்களைப் புதுப்பித்துப் பொருத்தினார்கள். கம்பி இல்லாத இடத்தில் கொஞ்ச தூரம் நகர ஒரு சிறிய மின்கலமும் உண்டு. இதற்கான ஒப்பந்தக் காலம் பத்து ஆண்டு. இந்தப் பத்து என்ற எண்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

மூன்று சொத்து, மூன்று உரிமையாளர்

ஒரு காலத்தில் வண்டி, கம்பி, மின்சாரம் மூன்றும் நகராட்சியின் கையில் இருந்தன. 1990களின் தனியார்மயத்துக்குப் பிறகு அவை பிரிந்தன. வண்டிகள் தனியார் பேருந்து நிறுவனத்திடம் போயின. மேல்நிலைக் கம்பியும் கம்பங்களும் நகராட்சிக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்திடம் நின்றன. நேர்மின்சாரம் தரும் துணைமின் நிலையங்களும் தரையடிக் கேபிள்களும் மின்விநியோக நிறுவனத்தோடு சேர்ந்து சிலமுறை கைமாறின. இவை எதற்கும் உரிமையாளர் அல்லாத வட்டார மன்றம் தடத்தை வகுத்து மானியம் கொடுத்தது.

மூன்றுக்கும் ஆயுள் வேறு. வண்டிக்கு இருபது ஆண்டு, துணைமின் நிலையத்துக்கு நாற்பது அல்லது அதற்கு மேல். கம்பிக்கு அப்படி ஒரே ஆயுள் சொல்ல முடியாது. தேய்ந்த துண்டை மாற்றிக்கொண்டே போனால் முடிவே இல்லை. ஒப்பந்தமோ பத்து ஆண்டு. மின்விநியோக நிறுவனத்தின் இடத்திலிருந்து பார்த்தால், பத்தாண்டுக்குப் பின் வாடிக்கையாளர் இருப்பாரா என்று தெரியாதபோது நாற்பதாண்டு ரெக்டிஃபயரில் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் கருவி) பணம் போடுவது பைத்தியக்காரத்தனம். ஆகவே போடவில்லை. யார் மீதும் குற்றம் சொல்ல இடமில்லாத இந்த நியாயம்தான் அமைப்பை உள்ளிருந்து அரித்தது.

கண்டவை: மேலே

பயணிக்குத் தெரிந்த கோளாறு, கோல் கழல்வது. டிராலிபஸ்ஸின் கூரையில் இரண்டு நீண்ட கோல்கள் இருக்கும். ஒன்று நேர்முனைக் கம்பிக்கு, மற்றது எதிர்முனைக்கு. ரயிலுக்குத் தண்டவாளமே திரும்பும் பாதை. ரப்பர் சக்கரத்தில் ஓடும் பேருந்துக்கு அது கிடையாது என்பதால் இரண்டு கம்பி. கம்பிகளுக்கு இடையே சுமார் 60 சென்டிமீட்டர், தரையிலிருந்து ஐந்தரை மீட்டர் உயரம். கோலின் முனையில் ஒரு சிறு தொட்டில், அதற்குள் பள்ளம் வெட்டிய கார்பன் கட்டை. அந்தப் பள்ளத்தில் கம்பி வழுக்கிப் போகும்.

தேய வேண்டியது கார்பன். செம்பு தேயக் கூடாது. மழையிலும் கம்பியில் அழுக்கு படியும் நாட்களிலும் கட்டை பல மடங்கு வேகமாகக் கரையும். மாற்றத் தவறினால் தொட்டிலின் உலோக விளிம்பு கம்பியைச் சுரண்டத் தொடங்கும். ஒரு வண்டி ஒரு நாளில் செய்யும் இந்தச் சேதம் அதன் பின்னால் வரும் எல்லா வண்டிகளின் கட்டைகளையும் தின்னும். அதனால்தான் நல்ல டிப்போக்களில் காலையில் வண்டி வெளியேறுமுன் கட்டையைத் தொட்டுப் பார்ப்பது கட்டாயம்.

கோல் அதிகம் கழல்வது தடம் பிரியும் இடத்தில். ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருப்பது போல மேலே கம்பியிலும் ஒரு பிரிவுக்கருவி இருக்கும். அதன் கீழ் மெதுவாக, சாலையில் சரியான கோட்டில் போக வேண்டும். ஓட்டுநர் வேகமாக நுழைந்தால், அல்லது ஒரு சரக்கு வண்டி வழிமறித்து நிற்க அதைச் சுற்றி அளவுக்கு மேல் விலகினால், தொட்டில் துள்ளும். விடுபட்ட கோல் வில்லைப் போல மேலே எகிறி, கம்பியைத் தாங்கும் குறுக்குக் கம்பியில் அடிக்கும். எதுவும் அறுந்திருக்காவிட்டால் வேலை சில நிமிடம்தான்: வண்டியை ஓரமாக நிறுத்து, இரண்டு கோலையும் கயிற்றால் இறக்கு, கட்டை உடைந்ததா என்று பார், மின்கலத்தில் பிரிவைக் கடந்து போ, நேராகப் போகும் கம்பியின் கீழ் நின்று மறுபடி ஏற்று. குறுக்குக் கம்பி அறுந்திருந்தால் ஏணி வண்டி வரும்வரை அத்தடத்தில் பின்னால் வரும் ஒவ்வொரு டிராலிபஸ்ஸும் வரிசையாக நிற்கும். ஒரே கம்பியில் ஒன்றையொன்று முந்த முடியாது. கடைவீதி முழுக்கப் பேருந்துகள் நெரியும் மாலை நேரத்தில் இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெலிங்டனின் காற்றும் கடல் உப்பும் வேலையைக் கூட்டின. உப்பு படிந்த மின்காப்பில் கசிவு ஏற்படும். டிராலிபஸ்ஸின் உடல் மண்ணோடு இணைவதில்லை என்பதால், கசிவு இருந்தால் படியில் கால் வைக்கும் பயணியே மின்பாதை ஆகிவிடுவார். இரட்டை மின்காப்பும் முறையான கசிவுச் சோதனையும் இதற்காகத்தான்.

சாலைப் பணி, கம்பிப் பராமரிப்பு என்று கம்பியின் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய இரவுகளிலும் வார இறுதிகளிலும் டீசல் வண்டி ஓடியது. நாளடைவில் அது விதிவிலக்கு என்ற நிலை மாறி வழக்கமாகவே ஆனது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கம்பியின் செலவு நிலையானது. அதன் கீழ் ஓடும் கிலோமீட்டர் குறையக் குறைய, கிலோமீட்டருக்கான செலவு ஏறும். ஏறிய எண்ணைக் காட்டி மேலும் குறைப்பார்கள்.

கண்டவை: தரைக்கு அடியில்

உண்மையான நோய் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இருந்தது. வெலிங்டனின் அழுத்தம் 550 வோல்ட் நேர்மின்சாரம். இந்தக் குறைந்த அழுத்தத்தில் தூரம்தான் எதிரி. ஒரு மாதிரிக் கணக்கு: 107 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 0.17 ஓம். போகவும் திரும்பவும் சேர்த்து 0.33. நிறைந்த வண்டி மேடேறும்போது 300 ஆம்பியர் இழுத்தால், ஊட்டும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் 100 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். இரண்டு கிலோமீட்டரில் 200. மோட்டாருக்கு மிஞ்சுவது 350. அதே ஏற்றத்தில் பின்னால் இன்னொரு வண்டியும் புறப்பட்டால் இரண்டும் ஊர்ந்துதான் போகும். எதிர்த்திசைக் கம்பியோடு இணைத்து இழப்பைப் பாதியாக்கலாம். அதற்கு மேல் ஒரே வழி, நெருக்கமாகத் துணைமின் நிலையம் வைப்பது.

அதாவது, ஒரு நிலையம் போனால் பக்கத்து நிலையம் தாங்கும் என்று நம்ப முடியாது. அந்த ஏற்றத்தில் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். வெலிங்டனின் கருவிகளும் கேபிள்களும் பல பத்தாண்டு பழையவை. மின்னமைப்பை மட்டும் புதுப்பிக்க 5.2 கோடி நியூசிலாந்து டாலர் ஆகும் என்ற மதிப்பீட்டை வட்டார மன்றம் முன்வைத்தது. இந்த ஒற்றை எண் விவாதத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

2014 ஜூன்: முடிவு

2014இல் வட்டார மன்றம் பல வகைப் பேருந்துகளை ஒப்பிட்டு ஆய்வு செய்யச் சொன்னது; டீசல், ஹைப்ரிட், நிறுத்தத்தில் ஏற்றும் மின்கல வண்டி, டிராலிபஸ். ஜூன் மாதம் ஏற்ற போக்குவரத்துத் திட்டத்தில், ஒப்பந்தம் முடியும் 2017இல் டிராலிபஸ்ஸும் முடியும் என்று எழுதியது. பொதுமக்கள் கருத்துக்கேட்பில் எதிர்ப்பு வந்தும் முடிவு மாறவில்லை.

முடிவின் காரணங்களை இப்போது கேலி செய்வது எளிது. அன்று அவற்றில் சத்து இருந்தது. மின்னமைப்புச் செலவு உண்மை. தடங்களை முழுக்க மாற்றி வகுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. புதிய தடங்கள் பழைய கம்பியோடு ஒத்துப்போகவில்லை. 2013இல் சட்டமான புதிய முறைப்படி தடங்கள் தொகுதிகளாக டெண்டருக்குப் போக வேண்டும். 60 வண்டியும் ஒரே நிறுவனத்தின் சொத்து. கம்பித் தடத்துக்கு வேறு யாரால் போட்டியிட முடியும்? மின்கலத்தின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகள் ஹைப்ரிட்டில் ஓட்டிவிட்டு முழு மின்கல வண்டிக்குத் தாவலாம் என்பது திட்டம்.

பிழை எங்கே என்றால், கேள்வியை ‘எல்லாமா, ஒன்றுமில்லையா’ என்று வைத்ததில். முழு வலையமைப்பையும் புதுப்பிக்கும் விலையைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டார்கள். நடுவில் ஒன்று இருந்தது. ரோமில் 2005இலேயே டிராலிபஸ் மீண்டும் வந்தபோது, டெர்மினி நிலையத்துக்கும் போர்ட்டா பியாவுக்கும் இடையே கம்பியே போடாமல் மின்கலத்தில் ஓட்டினார்கள். பழைய நகரின் அழகு கெடக் கூடாது என்பதற்காகச் செய்தது அது. அதே உத்தியை வெலிங்டனில் தலைகீழாக்கலாம்: எல்லாத் தடமும் கூடும் கடைவீதியில் கம்பியை வைத்துக்கொண்டு, புறநகர் வால்களில் கழற்றிவிடுவது.

அது வேலை செய்திருக்குமா? கணக்கு இறுக்கமாகத்தான் வருகிறது. கடைவீதி நெரிசலில் ஒரு வண்டி பத்து நிமிடம் ஊர்ந்து, 150 கிலோவாட்டில் ஏற்றினால் 25 யூனிட் ஏறும். நிற்கும்போது அவ்வளவு இழுக்க முடியாது. ஒரே புள்ளியில் கார்பன் அழுந்தி நின்றால் கம்பி சூடேறி மெலியும். ஆகவே 20 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வாலில் போய்த் திரும்பும் தூரம் 12 முதல் 16 கிலோமீட்டர். 16 டன் வண்டி 200 மீட்டர் மேடேற மட்டும் ஏறத்தாழ 9 யூனிட் வேண்டும்; சமதள ஓட்டமும் சேர்ந்தால் 20க்கு மேல் போய்விடும். எனவே செங்குத்தான ஓரிரு ஏற்றங்களிலும் கம்பியை விட்டுவைக்க வேண்டியிருக்கும். ஆனாலும் நகரின் பெரும்பகுதி பிரிவுக்கருவிகளும் வளைவுகளும், அதாவது கோல் கழலும் இடங்கள், போயிருக்கும். 5.2 கோடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதைத் துணைமின் நிலையம் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால்தான் சொல்ல முடியும். பொதுவில் வைத்த மதிப்பீடு மொத்தமாகவே இருந்தது.

2016: மாற்று என்று வந்தது

பேருந்து நிறுவனம் தன் பக்கத்தில் ஒரு வழி தேடியது. 2016இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சுமார் 4.3 கோடி நியூசிலாந்து டாலருக்கு ஒப்பந்தம். டிராலிபஸ்ஸின் கோல்களையும் மின்கருவியையும் எடுத்துவிட்டு, மின்கலத் தொகுதியும் அதை ஓட்டத்தின்போதே நிரப்பும் சிறு டர்பைன் மின்னாக்கியும் பொருத்துவது திட்டம். உடலும் அச்சும் நன்றாக இருக்கும் வண்டிகளுக்குப் பொருளாதார ரீதியாகச் சரியான யோசனைதான்.

சிக்கல் வரிசையில். வேறெங்கும் நகரப் பேருந்துகளில் பெருமளவில் ஓடி நிரூபிக்கப்படாத கருவிக்கு மொத்த ஒப்பந்தம் முதலில் வந்தது. ஒரு வண்டி கரோரி ஏற்றத்தில் முழுப் பயணிகளோடு ஒரு குளிர்காலம் ஓடிக் காட்டுவது பின்னால் வரும் என்று விட்டார்கள். கம்பி கழற்றும் தேதியோ ஏற்கெனவே காகிதத்தில் உறுதி. அந்த மாற்றம் சோதனைக் கட்டத்தைத் தாண்டவே இல்லை.

2017 அக்டோபர் முதல் 2018 ஜூலை வரை

ஒப்பந்தம் முடிந்து சில மாத நீட்டிப்புக்குப் பின் அக்டோபர் 31 அன்று சேவை நின்றது. மறுநாள் முதல் அதே தடங்களில் டீசல். வழியனுப்பக் கூட்டம் வந்தது, படம் எடுத்தார்கள். கம்பி இறக்கும் வேலை உடனே தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு நடந்தது.

வண்டியை நிறுத்துவது திரும்பப் பெறக்கூடிய முடிவு, டிப்போவில் நிற்கட்டும். கம்பியை இறக்குவது அப்படியல்ல. செம்பு உருக்காலைக்குப் போகும். இழுவிசை கணக்கிட்டு நட்ட கம்பங்கள் போகும். மின்னழுத்தம் நின்ற கேபிள்களை யாரும் பராமரிக்க மாட்டார்கள். கம்பி கட்டத் தெரிந்த பணியாளர் குழு கலையும். கடைசியாகச் சொன்னதே மிகப் பெரிய இழப்பு. பிரிவுக்கருவியின் உயரத்தைக் கண்ணால் பார்த்தே சரிசெய்யும் ஆளை ஓராண்டில் உருவாக்க முடியாது.

2018 ஜூலை 15 அன்று புதிய தடங்கள், புதிய நிறுவனங்கள், புதிய நேர அட்டவணை எல்லாம் ஒரே நாளில் அமலுக்கு வந்தன. ஓட்டுநர் பற்றாக்குறை, வராத பேருந்து, நிரம்பி வழிந்த பேருந்து என்று மாதக்கணக்கில் குழப்பம். இதை டிராலிபஸ் போனதால் வந்த வினை என்று சொல்வது தவறு. கம்பி இருந்திருந்தாலும் அந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி நடந்திருக்கும். அன்று தொடக்கத்தில் வந்த மின்கல வண்டிகள் 10 இரட்டைத் தட்டுப் பேருந்துகள். போன டிராலிபஸ் 60.

2019இல் அதே வட்டார மன்றம் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் மின்கலப் பேருந்துகள் படிப்படியாகக் கூடின. பழைய டிராலிபஸ் உடல் ஒன்றை எடுத்து, டர்பைன் இல்லாமல், முழு மின்கல வண்டியாக மாற்றியும் காட்டினார்கள். உடல் நன்றாகத்தான் இருந்தது.

மறுபடி செய்தால் எது மாறும்

முதலில் வரிசை. மாற்று வண்டி ஒரு தடத்தில் ஒரு முழுக் குளிர்காலம் ஓடிய பிறகே அந்தத் தடத்தின் கம்பியில் கை வைக்க வேண்டும். அடுத்த தடத்துக்கும் அதேபோல. இதற்காகக் கம்பியைக் கூடுதலாக இரண்டு மூன்று ஆண்டு தாங்கும் செலவு உண்டு. டீசலுக்குத் திரும்பும் செலவோடு அதை எதிரெதிரே வைத்துக் காட்ட வேண்டும். 2014இல் அப்படி வைக்கவில்லை.

மின்னமைப்பு மதிப்பீட்டை ஒரே தொகையாக ஏற்கக் கூடாது. நிலையம் வாரியாக மூன்று தகவல் போதும்: கருவியின் வயதும் உதிரிபாக நிலையும், உச்சநேர ஆம்பியர், அது இல்லாவிட்டால் எந்த ஏற்றம் நிற்கும். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் முதுகெலும்பு எது, வால் எது என்று தானே தெரியும்.

டெண்டர் முறை வருகிறது என்றால் வண்டிகள் பொது அமைப்பின் உடைமையாகி, ஓட்டும் நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போக வேண்டும். கம்பி ஒருவரிடம், அதில் மட்டுமே ஓடக்கூடிய வண்டி இன்னொருவரிடம் என்றால், ஏலத்தில் கம்பியே சுமையாகத் தெரியும்.

செக் நாட்டின் பிராகா நகரம் இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. 1972இல் டிராலிபஸ்ஸை மூடிய அந்தத் தலைநகர், 2017இல் ப்ரோசெக் ஏற்றத்தில் சுமார் ஒரு கிலோமீட்டர் கம்பி மட்டும் கட்டிச் சோதித்தது. 2022இல் முழுத் தடம். 2024 மார்ச்சில் விமான நிலையத்துக்கு 24 மீட்டர் நீள வண்டிகளுக்கான தடம். அதில் கம்பி இருப்பது பாதி தூரத்துக்குச் சற்றே அதிகம், மீதி மின்கலம். முதல் கம்பியை அவர்கள் கட்டியது, பேருந்து அதிகம் திணறும் அந்த மேட்டில்.